எள்ளு ஹருயோஷியும் வெள்ளை நாக்கும்

நரி வளைவில் பஸ் நிறுத்தம் கிடையாது. ஆனாலும் என் அக்கா புருஷன் ஹருயோஷி ஓட்டுகிற பஸ் மட்டும் அங்கே நிற்கும். வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, வெள்ளைக் கையுறையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பயணிகளைப் பார்த்துக் குனிந்து ஒரு வணக்கம் வைப்பார். "ரேடியேட்டர் சூடாயிருச்சுங்க. ரெண்டே நிமிஷம்." பிறகு ரேடியேட்டர் இருக்கும் பக்கமே போகாமல் மலைச்சரிவில் விறுவிறுவென்று ஏறிவிடுவார். சாலையோரத்தில் பனி உறைந்து கிடக்கும் ஜனவரி மாதத்திலும் அந்த ரேடியேட்டர் சூடாகும்.

பயணிகளுக்கு எல்லாம் தெரியும். யுசு பழக் கூடையோடு சந்தைக்குப் போகிற பொம்பளைகள் ஜன்னலைத் திறந்து கத்துவார்கள்.

"ஏ எள்ளு! ஆப்டுச்சா?"

"தண்ணி தேடுறேன், ரேடியேட்டருக்கு!"

"தண்ணிய மண்ணுக்குள்ள மோந்து பாத்தா தேடுவாங்க? சீக்கிரம் வாய்யா, டாக்டரு வீட்டுக்குப் போயிருவாரு!"

முழங்காலில் சேறும் காதுக்குப் பின்னால் பைன் ஊசியுமாக இறங்கி வந்து, மறுபடியும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். எங்கள் தோசா மலையில் ஒழுங்காக பஸ் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் யாரும் கம்பெனிக்குப் புகார் சொல்லவில்லை.

அவர் தேடியது வசந்த ஆர்க்கிட். எங்கள் மலையில் பைன் மரத்தடியெல்லாம் அதுதான். மார்ச் மாதம் தரையை ஒட்டிப் பச்சையாக ஒரு பூ பூக்கும். பூவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு இதழ் தொங்கும். அதை நாக்கு என்போம். நாக்கில் ரத்தம் தெறித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள் இருக்கும். சின்னப்பிள்ளைகள் இந்தச் சாதாரணப் பூவைக் கிழவன்கிழவி என்று சொல்லி, பெரியவர்கள் காதில் விழக் கூடாத காரணத்தையும் சொல்லிச் சிரிக்கும். முன்பெல்லாம் அந்தப் பூவுக்கு ஒரே ஒரு மரியாதைதான் இருந்தது. உப்பில் போட்டு வைத்து, கல்யாணம், நிச்சயதார்த்தம் என்றால் கிண்ணத்துக்கு ஒன்றாக வெந்நீரில் மிதக்கவிட்டுக் கொடுப்போம். நல்ல காரியத்துக்கு யாரும் தேநீர் கொடுப்பதில்லை, பூநீர்தான்.

எல்லா வீட்டிலும் கலர் டிவி வந்த வருஷங்களில்தான் பைத்தியம் பிடித்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருவனுக்குச் சிவப்புப் பூ கிடைத்தது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். தச்சன் பாதிக் கூரையோடு வேலையை நிறுத்திவிட்டு மலைக்குப் போனான். பல் டாக்டர் வாயைத் திறந்து வைத்திருந்தவனை அப்படியே விட்டுவிட்டுப் போனார். கோயில் குருக்கள் சாவு வீட்டுக்கு, மண்ணைக் கிளறும் கைக்கொட்டோடு வந்தார், போகிற வழியில் தேவைப்படும் என்று. சிவப்பு, மஞ்சள், இலையில் வெள்ளைக் கோடு என்று என்னென்னவோ வந்தன. பொட்டி பொட்டியாகப் பெயர்கள் வந்தன. ஆனால் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசியது ஒன்றைப் பற்றித்தான். ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை நாக்கு. சாதாரணச் செடியின் குருத்து மண்ணைவிட்டு வரும்போது அடியில் லேசாகச் செம்மை ஓடும். வெள்ளை நாக்குச் செடியின் குருத்து அடியிலிருந்தே வெறும் பச்சை. அதைப் பார்க்கத்தான் நரி வளைவில் ஒரு பஸ் டிரைவர் நாலு காலில் தவழ்ந்தார்.

எள்ளு என்ற பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆர்க்கிட் சங்கத்துக்குத் தலைவர் சிக்காமொரி. சாக்கே கடைக்காரர், அரிசி மது விற்பவர். பள்ளத்தாக்கில் எந்தக் கல்யாணம் என்றாலும் தரகர் அவர்தான், எந்தச் சண்டை என்றாலும் பஞ்சாயத்து அவர்தான். கிமோனோ கைமடிப்பில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். பல வருஷத்துக்கு முன்னால் மார்ச் மாதக் கண்காட்சிக்கு மச்சான் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "வெள்ளை நாக்கு" என்று சொல்லி மேசையில் வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சிக்காமொரி குனிந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஹருயோஷி, காலைல என்ன சாப்ட்டே?"

"சோறுங்க... ஊறுகா..."

"எள்ளு தூவிச் சாப்ட்டியா?"

"இல்லீங்களே."

"அப்ப இது எங்கேருந்து வந்து ஒட்டிச்சு?"

நாக்கின் அடியில், தொண்டைப் பக்கம், ஒரே ஒரு புள்ளி. எள்ளளவு. கூட்டம் சிரித்த சிரிப்பில் இரண்டு தொட்டி சாய்ந்தது.

அன்றிலிருந்து அவர் எள்ளு. பஸ் டெப்போவில் எள்ளு, சவரக்கடையில் எள்ளு. நூடுல்ஸ் கடையில் அவர் உட்கார்ந்தால் கேட்காமலே எள்ளுக் கிண்ணத்தை முன்னால் நகர்த்துவார்கள். என் அக்கா, பெயர் சுமியே, வீட்டில் எள் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். மச்சான் வெளியில் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு, வெளியே அடுப்புக்கு விறகு தள்ளுகிற என்னிடம் சொல்லுவார்.

"சேஜி, எனக்கு வேற ஒண்ணும் வேணாண்டா. செத்தா கல்லு வைப்பானுங்கல்ல, அதுல எள்ளுன்னு செதுக்காம இருந்தாப் போதும்."

"பேரைத்தானே மச்சான் செதுக்குவாங்க?"

"எம்பேரு எவனுக்கு ஞாபகம் இருக்கு?"

நானே ஒரு கணம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். அதை அவர் கவனிக்காமல் விட்டது நல்லது.

ஒரு இலையுதிர் காலத்தில் மச்சான் தலையில் தொப்பி இல்லாமல் பஸ் ஓட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி சட்டப்படி அது பெரிய குற்றம். தொப்பி மடியில் இருந்தது. தொப்பிக்குள் ஈரப்பாசி, பாசிக்குள் ஒரு செடி. குருத்து அடியிலிருந்தே வெறும் பச்சை. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை எள்ளானவனுக்கு மறுமுறை வாய் திறக்கத் தைரியம் வராது. சில வசந்தம் அது இலையை மட்டும் ஆட்டிக் காட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் ஒரு வருஷம் மொக்கு வைத்தது.

மார்ச் மாதம் மொக்கு லேசாக வாய் பிளந்த அன்று நான் வேலை செய்கிற மர அறுவை மில்லுக்கே வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். கொல்லையில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம்.

"பாரு. நல்லா பாரு. எள்ளு இருக்கா?"

"இல்ல."

"தொண்டைகிட்ட பாரு."

"இல்ல மச்சான்."

"உங்கண்ணு மரத்தூள் விழுந்த கண்ணுடா. தொடச்சுட்டுப் பாரு."

துடைத்துவிட்டுப் பார்த்தேன். அரிசிக் காகிதம் மாதிரி வெள்ளை. "இல்ல" என்றேன். மச்சான் எழுந்தார், என்னைத் தூக்கினார். நான் அவரைவிட ஒன்றரை மடங்கு கனம். ரெண்டு பேரும் முள்ளங்கிப் பாத்தியில் விழுந்தோம். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தோம். அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து, "எம் முள்ளங்கிய என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கத்தினாள்.

கண்காட்சிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த வருஷம் திருட்டு அதிகம். நல்ல தொட்டி ஒன்று இருக்கிறது என்று மூச்சு விட்டால் போதும், காலையில் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் மட்டும் இருக்கும். மச்சான் ஒரு திட்டம் போட்டார். முன்வாசலில் கம்பிவலைக் கூண்டு கட்டினார். இரண்டு பூட்டு, ஒரு மணி. உள்ளே தங்க விளிம்பு போட்ட கறுப்புத் தொட்டி. தொட்டியில் வெறும் சாதாரணக் கிழவன்கிழவி, வழியில் பிடுங்கியது. அதன் மொக்குக்கு மேல் கறுப்புக் காகிதத் தொப்பி. சிவப்புப் பூவுக்கு நிறம் ஏற வேண்டும் என்று எங்கள் ஆட்கள் மொக்குக்குத் தொப்பி போடுவார்கள். தொப்பியைப் பார்த்தாலே திருடனுக்கு எச்சில் ஊறும், உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது.

உண்மையான செடியைக் கொல்லையில், குளியல் அடுப்புக்குப் பக்கத்தில், வாய் உடைந்த குழம்புச் சட்டி ஒன்றில் நட்டு வைத்தார். அங்கே ஒரு வரிசையாக ஏழெட்டுச் சட்டி. எல்லாம் அக்கா வளர்க்கிற சாதாரணச் செடி.

"தங்கத்தத் தங்கத்தோட வெச்சா எடுப்பான். கூழாங்கல்லோட வெச்சா எவன் எடுப்பான்?"

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"உங்கக்காகிட்ட சொன்னா சந்தைக்கே தெரியும்."

அதுவும் உண்மைதான்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது மச்சானுக்குக் கடைசி பஸ். மேல்மலை டெப்போவில் படுத்து, விடிந்ததும் முதல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் மில்லுக்குப் போன் போட்டார். லாட்டரி அடித்தவன் குரல்.

"சேஜி! வாடா, வாடா! திருடன் வந்துட்டான்!"

நான் போனபோது தெருவே அங்கே இருந்தது. வலையை அழகாக வெட்டியிருந்தார்கள். மணியைச் சத்தம் வராமல் கழற்றி, மரியாதையாக வாசல் கல்லின் மேல் வைத்திருந்தார்கள். காலியான கூண்டுக்கு முன்னால் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர்.

"பாத்தியா? தூக்கிட்டுப் போயிருப்பான். வேர்க்க விறுவிறுக்க நாலு மலை தாண்டியிருப்பான். வீட்டுக்குப் போயி, கதவைச் சாத்தி, மெதுவா... மெதுவா தொப்பியத் தூக்கியிருப்பான்." விரல் நுனியால் தொப்பியைத் தூக்குவது போலக் காட்டினார். "ஆங்! கிழவன்கிழவி!"

பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "வலைய வெட்டிட்டுப் போயிருக்கான், இந்த மனுசன் பூரிச்சுப் போய் நிக்கிறாரு. டேய் சேஜி, உங்க மச்சானுக்கு என்னடா ஆச்சு?"

"சுமியே, வா. எல்லாரும் வாங்க. ஒண்ணு காட்டுறேன். எள்ளு எள்ளுன்னீங்களே, வாங்க!"

ஊர்வலமாகப் போனோம். வீட்டைச் சுற்றி, கிணற்றடியைத் தாண்டி, குளியல் அடுப்புக்கு. மச்சான் முன்னால் போய், வாய் உடைந்த சட்டியை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார். திருவிழாவில் தேரைக் காட்டுகிற மாதிரி.

இலை இருந்தது. தண்டு இருந்தது. தண்டு நுனி கத்தரியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது.

பக்கத்துச் சட்டியைப் பார்த்தார். அதிலும் பூ இல்லை. அதற்கடுத்த சட்டி. வரிசை முழுக்க மொட்டைத் தண்டு. மச்சான் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. இறங்கச் சொல்லி அதற்கு யாரும் தகவல் கொடுக்கவில்லை.

"சுமியே. இங்க பூ இருந்துச்சே."

"ஆமா, நேத்து சாயந்தரம் வெட்டி உப்புல போட்டுட்டேன். நம்ம பொண்ணு கயோ நிச்சயத்துக்கு."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? ஹமாதா சம்பந்தி வீட்டுலேருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் கூட வராங்களாம். தலைக்கு ஒண்ணு வேணாமா? எண்ணிப் பாத்தா ஒண்ணு கொறஞ்சுது. இந்த ஒடஞ்ச சட்டில ஒண்ணு தனியா நின்னுச்சு. நல்ல வேளன்னு அதையும்..."

மச்சான் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"நாக்கப் பாத்தியா, சுமியே? பூவோட நாக்க?"

"நான் தலைய எண்ணுனேன். நாக்க எதுக்குப் பாக்குறேன்?"

என்ன நடந்தது என்று அவளுக்கு நான்தான் சொன்னேன். கேட்டதும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லாம எஞ்சட்டியில கொண்டாந்து ஒளிச்சு வெச்சா, அது யாரு தப்பு?" என்று ஆரம்பித்தாள். தெரு முழுக்க அவள் பக்கம்.

மச்சான் எழுந்து சமையலறைக்கு ஓடினார். அக்கா அவருக்கு முன்னால் போய் உப்பு ஜாடியை மறித்துக்கொண்டு நின்றாள். உப்பில் போட்ட பூ இதழைச் சுருட்டிக்கொண்டு, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, எல்லாம் ஒரே மாதிரி முடிச்சாக இருக்கும். வெந்நீரில் விட்டால்தான் விரியும்.

"ஒவ்வொண்ணா வெந்நீர்ல போட்டுப் பாத்துட்டு..."

"பாத்துட்டு? ஒருதடவ விரிஞ்சது விரிஞ்சதுதான். நனைஞ்ச பூவ சம்பந்தி வீட்டுக்கு வைப்பீங்களா? மலையில பூவும் முடிஞ்சுபோச்சு, வேற எங்க போவேன்?"

"ஒரே ஒரு..."

"ஜாடியத் தொட்டீங்க, அந்தக் கைய வெட்டி அதே உப்புல போட்டுருவேன். எம் பொண்ணு நிச்சயம் முடியட்டும்."

கண்காட்சிக்கு மச்சான் மொட்டைத் தண்டோடுதான் போனார். போகாதீங்க என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. சிக்காமொரி பூதக்கண்ணாடியை எடுத்துத் தண்டைப் பார்த்தார்.

"தண்டு நல்லாத்தான் இருக்கு. பூ எங்க?"

"ஜாடியிலங்க."

"எந்த ஜாடி?"

"உப்பு ஜாடி."

அந்த மண்டபத்தின் கூரை எப்படி நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. "எள்ளு போயி இப்ப ஊறுகாயா!" என்றான் தச்சன். "அடுத்த வருசம் கருவாட்டக் கொண்டாந்து, இது நல்லா நீந்தும்பாரு!" என்றார் பல் டாக்டர். மச்சான் இந்தத் தடவை கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து சிக்காமொரி சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

"இந்தச் செடி அடுத்த வருசம் பூக்கும்னு ஒண்ணும் நிச்சயமில்ல. வெட்டுப்பட்ட செடி முறுக்கிக்கும். கண்ணால பாக்காததை நான் இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். உம் பொண்ணு நிச்சயத்துக்குத் தரகன் நான்தானே? ஜாடி தொறக்கறப்போ அங்கதான் இருப்பேன். கண்ணாடி கைமடிப்புல இருக்கும். பாத்துருவோம்."

ஏப்ரலில் நல்ல நாள் பார்த்து ஹமாதா வீட்டார் வந்தார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள், போனிட்டோ மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நடுவில் கழுத்துப்பட்டை இறுக்கிய மாப்பிள்ளை. ஹமாதா அம்மா கறுப்புக் கிமோனோவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண் பார்க்க வந்தபோதும், அதற்கப்புறம் வந்தபோதும் "ஆமாங்க" என்பதைத் தவிர அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு சொல் கேட்டதில்லை. அவர் கண்ணில் படும்போதெல்லாம் அக்கா தன் கிமோனோ மடிப்பைச் சரிசெய்வாள்.

சீர்வரிசை அலங்காரமாக மேடையில் இருந்தது. நீளக் கைவைத்த கிமோனோவில் அக்கா மகள் கயோ தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட கிண்ணத்தை வைத்தாள். சிக்காமொரி தரகர் குரலில் ஆரம்பித்தார். "இந்த நல்ல நாளில், இரு குடும்பமும் நூறாண்டு..." மூடிகள் திறந்தன. ஆவி போனது. கிண்ணத்துக்குக் கிண்ணம் பூ விரிந்து கிடந்தது.

மச்சான் மெதுவாக முன்னால் சாய்ந்து, எதிரே இருந்த பெரியப்பாவின் கிண்ணத்துக்குள் பார்த்தார். தனக்கு வணக்கம் வைக்கிறார் என்று நினைத்துப் பெரியப்பாவும் குனிந்தார். பெரியப்பா தலை கிண்ணத்தை மறைத்தது. மச்சான் இன்னும் குனிந்தார். அவரும் இன்னும் குனிந்தார். தரையில் நெற்றி பட்ட பிறகுதான் மச்சானுக்கு இடைவெளி கிடைத்தது. புள்ளி. அடுத்து பெரியம்மா. மச்சான் குனிந்தார், பெரியம்மா குனிந்தார். புள்ளி. அந்தப் பக்கத்திலிருந்து சிக்காமொரி, "நூறாண்டு, செழித்து..." என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் கிண்ணத்தை நோக்கிச் சாய்ந்தார். மாப்பிள்ளை பதறிக் குனிந்தான், அதிலும் புள்ளி. அவன் அப்பா குனிந்தார், அங்கேயும் புள்ளி. சும்மா இருந்தால் மரியாதையில்லை என்று அக்காவும் குனிந்தாள். நாற்று நடுகிற வரிசை மாதிரி அறை முழுக்க முதுகு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

கயோ என் காதில், "மாமா, அப்பாவ யாராவது பிடிச்சு உக்கார வைங்களேன்" என்றாள். அழுகிற குரல். என்னால் முடியவில்லை, நானும் என் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி. மச்சான் கிண்ணத்தில் புள்ளி. அக்கா கிண்ணத்தில் புள்ளி. சிக்காமொரி தன் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினார். அம்மை போட்ட மாதிரி புள்ளி.

பாக்கி ஒரே ஒரு கிண்ணம்.

ஹமாதா அம்மா கிண்ணத்தைத் தூக்கியாகிவிட்டது. கைமடிப்பால் வாயை மறைத்து, முறைப்படி மெதுவாகக் குடித்தார். பூவைக் கிண்ணத்தில் விட்டுவிடுவது மரியாதையில்லை என்று நினைக்கிற பழைய ரகம். உதட்டால் எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

"நிறுத்துங்க!"

செங்குத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கிறபோது மச்சான் போடுகிற சத்தம் அது. அறையில் எல்லாரும் ஒருமுறை முன்னால் போய் வந்தார்கள்.

"மெல்லாதீங்க!"

"முழுங்காதீங்கம்மா!" என்று சிக்காமொரி முழங்காலிலேயே தவழ்ந்து வந்தார்.

ஹமாதா அம்மா கன்னத்தில் பூவோடு அப்படியே உறைந்துபோனார். கண் இரண்டும் வட்டம்.

"என்னங்க, விஷமா?" என்று அவர் புருஷன் பாதி எழுந்தார்.

"விஷமில்லீங்க, பூ!" என்றார் மச்சான்.

"பூன்னு எனக்கும் தெரியும்யா!"

சிக்காமொரி கண்ணாடியை எடுத்தார். தரையில் கை ஊன்றி, தன் வாழ்நாளில் எந்தத் தரகனும் சொல்லியிருக்காததைச் சொன்னார். "பெரிய மனசு பண்ணணும், அம்மா. கொஞ்சம் நாக்க நீட்டுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கயோ முகத்தைக் கைமடிப்பில் புதைத்துக்கொண்டாள். பெரியப்பா, "இது என்ன வீடு..." என்று ஆரம்பித்து, முடிவைக் கண்டுபிடிக்க முடியாமல் நிறுத்தினார். ஹமாதா அம்மா தன் புருஷனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கடைசியில், எதிரே முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, பார்க்கத் தைரியமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்த என் மச்சானைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு நாக்கை நீட்டினார்.

பூ அதன் மேல் மல்லாந்து கிடந்தது. "வெளிச்சம், வெளிச்சம்!" என்றார் சிக்காமொரி. நான் ஓடிப்போய்க் காகிதக் கதவைத் தள்ளினேன். வெயில் நேராக அந்த அம்மாள் வாயில் விழுந்தது.

"கொஞ்சம் எடப்பக்கம், அம்மா."

திரும்பினார்.

"ஆ... இன்னும் கொஞ்சம் தூக்கி. அவ்வளவுதான்."

சிக்காமொரியின் மூக்கு அந்த அம்மாளின் மூக்கைத் தொடாத குறை.  வெளியே கோழி ஒன்று கொக்கரித்ததற்கு எனக்குக் கோபம் வந்தது. அவர் தொண்டைப் பக்கம் பார்த்தார், ஓரம் பார்த்தார், கண்ணாடியைத் தொடையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஹருயோஷி," என்றார் திரும்பாமலே. அந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! "எள்ளு இல்ல."

மச்சானிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கெட்டிலில் தண்ணீர் கொதி வருகிற சத்தம்.

ஹமாதா அம்மா நாக்கை நீட்டியபடியே ஏதோ கேட்க முயன்றார். "ஹெஹ்ஹா?" என்று வந்தது. அந்தச் சத்தத்தை அவர் காதே கேட்டதும் முதலில் தோள் குலுங்கியது, பிறகு மூக்கு வழியாக ஒரு வெடி. சிரிப்பு வாய்க்கு வந்தபோது பூ உள்ளே போய்விட்டது.

"போச்சு," என்றார் சிக்காமொரி.

"போச்சு!" என்றார் ஹமாதா அம்மா, மார்பில் தட்டிக்கொண்டே. அதற்கப்புறம் அந்த அம்மாளை நிறுத்த முடியவில்லை. இடுப்புக்கட்டு தளர்ந்து, தலைக் கொண்டை சரிந்து, பாயில் கையால் அடித்து அடித்துச் சிரித்தார். பெரியம்மாவுக்குத் தொற்றியது. மாப்பிள்ளை கழுத்துப்பட்டையைக் கழற்றி எறிந்தான். சீர்வரிசையில் கட்டி வைத்திருந்த உலர்ந்த கணவாய் மீன் அதிர்ச்சியில் கீழே விழுந்தது. அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, அழுகையில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடித்தாள்.

ஹமாதா அம்மாவின் புருஷன் வாயைப் பிளந்துகொண்டு தன் பெண்டாட்டியைப் பார்த்தார். "இவளுக்குச் சிரிக்கத் தெரியும்னு எனக்கு யாரும் சொல்லலியே," என்றார். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "சம்பந்தி, வேற பேச்சே இல்ல. இந்த வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது, காரணம் சாக்கே. அடியில் ஓட்டை உள்ள கிண்ணத்தை எடுத்தோம். ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு குடிக்க வேண்டும், முடிக்காமல் கீழே வைக்க முடியாது. ஹமாதா அம்மா அதைக் கீழே வைக்கவே இல்லை. மச்சானிடம், "அப்ப எவ்வளவு பெரிய பொருளங்க நான் முழுங்கிட்டேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மச்சான் ஒவ்வொரு தடவையும் கையை விரித்துக் காட்டினார். விரிவு ஒவ்வொரு தடவையும் பெரிதாகிக்கொண்டே போனது.

அடுத்த வசந்தத்தில் செடி முறுக்கிக்கொண்டுதான் நின்றது. அதற்கடுத்த வசந்தத்தில் பூத்தது. இந்தத் தடவை திட்டமெல்லாம் இல்லை. அக்கா அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டுக் காய் நறுக்கினாள், கையில் கத்தியோடு. கண்காட்சி மேசையில் வைத்தபோது சிக்காமொரி கண்ணாடியை எடுக்கவே இல்லை. "ஏற்கெனவே பாத்ததுதானே," என்றார். தச்சனும் பல் டாக்டரும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு மச்சானுக்கு வணக்கம் வைத்தார்கள். பெயர் வைக்கக் கேட்டார்கள். மச்சான் பல வருஷமாக மனதுக்குள் ஒரு பெயரை வளர்த்து வைத்திருந்தார், நிலவு, பனி, சிகரம் எல்லாம் கலந்து. அதைச் சொல்ல வாயெடுத்தவர், கூட்டத்தில் கயோவின் கைக்குழந்தையோடு நின்ற ஹமாதா அம்மாவைப் பார்த்தார்.

"தின்னவங்களக் கேளுங்க."

"எனக்கு என்ன தெரியும்?" என்றார் ஹமாதா அம்மா. "வாயெல்லாம் ஒரே உப்பு. அதான் ஞாபகம்."

அட்டையில் "தோசா உப்பு" என்று எழுதினார்கள். இன்றைக்கும் அதன் கன்றுகள் பல வீடுகளில் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன.

எள்ளு என்று அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. நூடுல்ஸ் கடையில் எள்ளுக் கிண்ணம் தன் பழைய இடத்துக்குப் போனது. ஆனால் நரி வளைவில் ரேடியேட்டர் சூடாவது மட்டும் நிற்கவில்லை. மச்சான் சரிவில் ஏறியதும், யுசு கூடைப் பொம்பளைகள் எல்லாரும் ஜன்னலைத் திறந்து, வரிசையாக நாக்கை நீட்டுவார்கள். பஸ் முழுக்க நாக்கு. மச்சான் மேலேயிருந்து தொப்பியைக் கழற்றி, குனிந்து வணக்கம் வைத்துவிட்டு, தன் நாக்கையும் நீட்டிக் காட்டுவார்.

போன மாதம் குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் கேட்டார். இப்போது அவர் பஸ் ஓட்டுவதில்லை, நானும் விறகு தள்ளினால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறேன்.

"சேஜி, கல்லுல என்னடா செதுக்குவானுங்க?"

"நாக்குதான் மச்சான். வேற என்ன?"

தொட்டியிலிருந்து வெந்நீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். 

"புள்ளி வெக்காம செதுக்கச் சொல்லு," என்றார்.